அரிசியின் புளிப்பும் உப்பின் துணையும்

(ராஜபாளையத்தில் இலக்கிய அன்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜப்பான் தேசத்தார் அரிசியிலிருந்து வடிக்கும் சாக்கே என்னும் பானத்தைச் சுவைத்துப் பார்க்கும் முறையையும், அதற்கு ஏற்ற உணவைத் தேர்ந்து கூட்டும் முறையையும் பற்றி நான் பேசப்போவதாக அறிவிக்கப்பட்டபோது, கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவரைப் போற்றும் சபையில் இதற்கு என்ன இடம் என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணம் நியாயமானது. அதற்கு விடை சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. அடுத்த ஆண்டே அம்மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் இவ்வூரில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள். அந்தச் சட்டம் பிற்காலத்தில் தளர்ந்ததும், கள் 1987 ஜனவரி முதல் மீண்டும் தடுக்கப்பட்டதும் நீங்கள் அறிந்தவை. குடியினால் நகை போய், நிலம் போய், மானமும் போன குடும்பங்களை நான் மிக அருகிலிருந்து கண்டிருக்கிறேன். ஆகையால் ஒருவரையும் ஒரு துளி பருகும்படி தூண்டுவது என் நோக்கமன்று. ஒரு தேசத்தார் தங்கள் சோற்றுப் பருக்கையிலிருந்து பிறந்த ஒரு புளிப்பை எவ்வளவு சிரத்தையோடு ஆராய்ந்து, பெயரிட்டு, எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதையும், அதே பருக்கையை உண்டு வளர்ந்த நாம் நம்முடைய புளிப்பை எப்படி எழுதாமல் விட்டுவிட்டோம் என்பதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதே என் நோக்கம்.

ஜப்பானிய பாஷையில் சாக்கே என்ற சொல் மது அனைத்துக்கும் பொது. நாம் குறிக்கும் அரிசிப் பானத்தை அவர்கள் நிஹோன்ஷு, அதாவது ஜப்பான் மது, என்று சொல்வார்கள். அரிசி, தண்ணீர், கோஜி என்னும் பூசணம், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், இவை நான்குமே அதன் மூலப் பொருள்கள். திராட்சையில் சர்க்கரை இயற்கையாகவே இருப்பதால் அது தானே நொதித்துவிடும். பனம்பாளையிலிருந்து வடியும் நீரும் சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழுந்தால் பொழுது ஏறுவதற்குள் கள்ளாகிவிடும். அரிசியிலோ இருப்பது மாச்சத்து. அதை முதலில் சர்க்கரையாக மாற்றாவிட்டால் அரிசி ஒருநாளும் மதுவாகாது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு ஜப்பானியர் கண்ட உபாயம் கோஜி. ஆவியில் வெந்த அரிசியை ஆறவைத்து, அதன் மீது அந்தப் பூசணத்தின் பொடியை மெல்லிய துகளாகத் தூவி, கதகதப்பான மரச்சுவர் அறையிலே ஏறக்குறைய இரண்டு நாட்கள் புரட்டிப் புரட்டிக் காத்தால், ஒவ்வொரு பருக்கையும் வெண்பஞ்சு போர்த்தியது போலாகி, வாயில் இட்டால் இனிக்கும். பிறகு அதனோடு சோறும் நீரும் ஈஸ்டும் சேர்த்து மூன்று நான்கு வாரம் விட்டுவைக்கிறார்கள். மாச்சத்து சர்க்கரையாவதும், சர்க்கரை மதுவாவதும் ஒரே தொட்டியில் ஒரே காலத்தில் நடைபெறுகின்றன. இப்படி இரு வேலைகளும் இணையாக நடப்பதுதான் இப்பானத்தின் விசேஷம். பிழிந்தெடுக்கும்போது நூற்றுக்கு இருபது வரை ஏறியிருக்கும் மதுச்சத்தைப் பெரும்பாலும் தண்ணீர் கலந்து பதினைந்து பதினாறுக்குக் குறைத்துப் புட்டியில் அடைக்கிறார்கள். கோஜிப் பூசணத்தைக் கொண்டு இவ்வாறு மது வடிக்கும் பரம்பரை அறிவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மன்றம் மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இதைக் கேட்கும்போது நம் இலக்கிய அன்பர்களுக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வரவேண்டும். தொண்டைமான் இளந்திரையனைப் பாடக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய அந்தப் பாட்டில், பாணனின் வழி வலைஞர் குடியிருப்பினூடே செல்கிறது. அங்கே கிடைக்கும் அரிசிக் கள்ளைப் புலவர் வெறுமனே பெயர் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதை ஆக்கும் முறையையே படிப்படியாகச் சொல்கிறார். உமி நீங்கியும் குற்றித் தீட்டாத கொழியல் அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற பிழாவிலே பரப்பி ஆறவிட்டு, நெல்முளையை இடித்துச் செய்த அடையை அதிலே கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயுள்ள சாடியிலே முற்ற விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பார்கள் என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்கத்தோடு நாம் பெறும் செய்தி. அந்த அடையின் புறத்தோற்றத்துக்குப் புலவர் கூறும் உவமை, பாம்பு வாழும் புற்றுக்குள் கிடக்கும் புற்றாஞ்சோறு. கறையான் புற்றை வெட்டியவர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள்; கடற்பஞ்சு போலத் துளை துளையாய், வெண்மணிகள் படிந்து கிடக்கும். அது கறையான் பூசணம் வளர்க்கும் தோட்டம் என்பதை இன்றைய பூச்சி நூலார் நன்கு அறிவர். இந்த உவமை ஒன்றையே பற்றிக்கொண்டு நம் முன்னோரும் கோஜியைக் கையாண்டார்கள் என்று சாதிக்க நான் விரும்பவில்லை. உரை முளை என்று தெளிவாகச் சொல்லும்போது பூசணம் என்று நாம் வலிந்து பொருள் கொள்வது முறையாகாது. முளைவிட்ட நெல்லும் மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஆற்றல் உடையதே. ஆகவே முடிச்சு ஒன்று, அதை அவிழ்த்த கைகள் இரண்டு. ஜப்பானியர் அரிசியை மேன்மேலும் தீட்டி வெண்முத்தாக்கினார்கள். நம்மவர் தீட்டாத அரிசியையே கொண்டார்கள். வேற்றுமை அவ்வளவே.

அதைவிட என்னை வியப்பில் ஆழ்த்துவது அந்தப் பகுதியின் முடிவு. பிழிந்த கள்ளைச் சொன்ன புலவர் அதே மூச்சில், அதனோடு சுட்ட பச்சை மீனும் கிடைக்கும் என்கிறார். ஜப்பானிய பாஷையில் மீனுக்குச் சகானா என்று பெயர். சாக்கேக்குத் துணையாக உண்ணும் பதார்த்தம் என்ற பொருளில் பிறந்த சொல் அது என்றும், மீனே பெரும்பாலும் அத்துணையாக அமைந்தமையால் நாளடைவில் மீனுக்கே பெயராகிவிட்டது என்றும் அந்நாட்டு மொழிநூலார் கூறுவர். கடல் கடந்த இரு கரைகளிலும் அரிசிப் பிழியும் சுட்ட மீனும் ஒன்றையொன்று தேடிக்கொண்டன. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்து உலகுக்கு அளித்திராவிட்டால் இந்தச் செய்தி நம் கைக்கு எளிதில் வந்திராது.

அரிசி தீட்டுவதைச் சொன்னேன். நாம் அன்றாடம் உண்ணும் வெள்ளரிசியில் பருக்கையின் பத்தில் ஒரு பங்குதான் தவிடாகக் கழிகிறது. சாக்கேயில் கின்ஜோ என்னும் வகைக்கு நூற்றுக்கு நாற்பது பங்கேனும், தாய்கின்ஜோ என்னும் உயர்ந்த வகைக்குப் பாதிப் பருக்கையேனும் தீட்டித் தள்ளப்பட வேண்டும் என்பது விதி. பருக்கையின் வெளிப்புறத்தில் புரதமும் கொழுப்பும் மிகுந்திருப்பதால் அவை சுவையை முரடாக்கும். உள்ளே வெள்ளைக் கண்ணாக இருக்கும் மாச்சத்திலிருந்து மலரையும் பழத்தையும் நினைப்பூட்டும் மணம் பிறக்கும். ஆயினும் அதிகம் தீட்டியது எதுவோ அதுவே உயர்ந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்கமாட்டேன். மணம் மிகுந்த வகை தனியே பருகத் தக்கது. உணவோடு வைத்தால் அது நாணிக்கொண்டு ஒதுங்கிவிடும். கொஞ்சம் குறைவாகத் தீட்டி, வேறு மதுச்சத்து கலக்காமல் அரிசியும் கோஜியும் கொண்டே வடித்த ஜுன்மாய் என்னும் வகைதான் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வரலாறு சொல்ல வேண்டும். யாமமுரா என்னும் குடும்பத்தார்க்கு உஓசாகி, நிஷினோமியா என்னும் இரண்டு ஊர்களில் வடிசாலைகள் இருந்தன. நிஷினோமியாவில் வடித்தது எப்போதும் மேலாக இருந்தது. அரிசியை மாற்றிப் பார்த்தார்கள், ஆட்களை மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் நிஷினோமியாக் கிணற்று நீரை உஓசாகிக்குக் கொண்டுவந்து வடித்தபோது இரண்டும் ஒத்துவிட்டன. 1840-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இந்தப் பரீக்ஷைக்குப் பிறகு அந்த நீருக்கு மியாமிசு என்ற பெயரும், அது சுரக்கும் நாதா வட்டாரத்துக்குத் தனிப் புகழும் ஏற்பட்டன. அந்த நீரில் ஈஸ்டுக்கு ஊட்டமான உப்புக்கள் உண்டு. மதுவின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் இரும்பு மிகக் குறைவு. கியோத்தோவை அடுத்த புஷிமியிலோ நீர் மென்மையானது, மதுவும் மென்மையானது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை வேறு ஊரில் அதே பாலளவு, அதே சர்க்கரையளவு கொண்டு கிண்டினாலும் அந்த ருசி வருவதில்லை என்று நம் கடைக்காரர்கள் சொல்வதை நாம் பெருமைப் பேச்சென்று தள்ளிவிடுகிறோம். 2019-இல் அந்தப் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. ஆனால் மேய்ச்சலையும் மாட்டையும் அடுப்பையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எதனால் அந்த ருசி என்று நிலைநாட்டும் பரீக்ஷையை யாரேனும் இங்கே செய்யவேண்டும் என்பது என் ஆசை.

இனிச் சுவைக்கும் முறை. புஷிமியில் கோகோனோமியா என்னும் கோவிலில் ஓர் ஊற்று இருக்கிறது. ஊரார் குடம் கொண்டுவந்து நீர் பிடித்துச் செல்கிறார்கள். நம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்துப் படிக்கட்டில் நிற்பதுபோலவே எனக்கு அங்கே தோன்றிற்று. நான் அங்கே சென்றிருந்த அன்று பகலில் ஒரு முதியவர் எனக்குச் சாக்கேயின் பரீக்ஷையைக் காட்டினார். முதலில் கையில் கொடுத்தது அந்த ஊற்று நீரைத்தான். அதன் பிறகே வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வந்தது. கிண்ணத்தின் அடியில் நீல வர்ணத்தில் இரண்டு வளையங்கள், ஒன்றினுள் ஒன்றாக, பாம்பின் கண் போல எழுதியிருக்கும். நீலக்கோட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் பானம் தெளிவு, மங்கினால் கலங்கல். வெள்ளைப் பகுதியில் பார்த்தால் வைக்கோலின் இளமஞ்சள் ஓடியிருக்கிறதா என்பது தெரியும். அவர் கிண்ணத்தைச் சுழற்றவில்லை. மூக்கருகே கொண்டுபோய், எடுத்து, மீண்டும் கொண்டுபோனார். பிறகு ஒரு தேக்கரண்டி அளவு வாயில் இட்டு, உதட்டைச் சற்றே திறந்து காற்றை உள்ளிழுத்து, நாக்கெங்கும் பரவவிட்டு, ஒரு குவளையில் உமிழ்ந்துவிட்டார். நானும் அவ்வாறே செய்தேன். விழுங்காமலே ஒரு பானத்தை இவ்வளவு அறியமுடியும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

வெப்பத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் கவிஞர்கள் வைத்தவை போலிருக்கும். ஐந்து டிகிரியில் பனிக்குளிர், பத்தில் பூக்குளிர், பதினைந்தில் தென்றற்குளிர், முப்பதில் வெயிற்சூடு, முப்பத்தைந்தில் மேனிச்சூடு, அதற்கு மேல் ஐம்பதுக்கு மேலும் போகிறது. ஒரே புட்டியைப் பூக்குளிரில் பருகினால் ஒன்று. மேனிச்சூட்டில் அதே பானம் சோற்று வடிநீரின் மணத்தோடு வேறொன்று. நம் பாஷையிலும் தண்மை, சில்லிப்பு, இளஞ்சூடு, வெதுவெதுப்பு, கதகதப்பு என்று எத்தனை சொற்கள்! இன்ன பண்டத்துக்கு இன்ன சூடு என்று அவற்றை வரிசைப்படுத்தி வைக்க மட்டும் நாம் மறந்துவிட்டோம்.

சாக்கேயில் ஐந்து சுவை உண்டென்பது அவர்களுடைய பழைய கணக்கு: இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு. நம் அறுசுவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உவர்ப்பு ஒன்றுதான் இல்லை. இந்தக் கணக்கை அறிந்த நாளன்று எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். ஏனெனில் அரிசிப் பானத்துக்கு ஏற்ற துணை எது என்ற கேள்விக்கு விடை அந்த இல்லாத ஒன்றிலேயே இருக்கிறது. மரத்தால் செய்த மாசு என்னும் சதுரப் பாத்திரத்தின் மூலையில் ஒரு சிட்டிகை உப்பை வைத்துக்கொண்டு, வேறு எதுவும் வேண்டாமல் பருகுவோர் அங்கே உண்டு. உப்பிட்டுச் சுட்ட மீன், உப்பில் ஊறிய காய், உப்பு நொதியான மிஸோ, இவையெல்லாம் அந்த ஆறாவது சுவையை இலையிலிருந்து கொண்டுவந்து கிண்ணத்தோடு சேர்க்கின்றன. இக்கேதா கிக்குனாயே என்னும் ரசாயன நிபுணர் 1908-இல் கடற்பாசிச் சாற்றில் கண்டு உமாமி என்று பெயரிட்ட அந்த ஆழ்ந்த ருசி சாக்கேயிலும் இருப்பதால், மீனோடும் பருப்போடும் அது சச்சரவு செய்வதில்லை; புளிப்பும் திராட்சை மதுவைவிட மிகக் குறைவு. ஆனால் நம் புளிக்குழம்புக்கு எதிரே மலர்மணச் சாக்கே நில்லாது. மிளகாய்க் காரத்தையோ மது மேலும் கொழுந்துவிட்டு எரியச் செய்யும். பால்கோவாவுக்கு என்ன கூட்டுவது என்று யாரேனும் கேட்டால், பல ஆண்டு வைத்திருந்து அம்பர் நிறம் கொண்ட கோஷு என்னும் பழஞ்சாக்கே என்பேன். பாலின் சர்க்கரை அடுப்பில் சிவக்கும் மணமும், அந்தப் பானம் காலத்தால் சிவக்கும் மணமும் ஒரே குலத்தவை.

இத்தனையும் சொல்லி வந்தது நம் வீட்டுப் பானையிடம் வந்து சேர்வதற்காக. நீராகாரத்தைச் சொல்கிறேன். சாக்கே வடிப்பதில் கிமோட்டோ என்னும் பழைய முறையில், ஈஸ்ட் வேலை தொடங்கும் முன் சோற்றுக் கூழைத் தயிரைப் புளிக்கவைக்கும் இனத்துக் கிருமிகள் முதலில் புளிக்கவைக்கின்றன. அந்தப் புளிப்பே தீய கிருமிகளை விலக்கிக் காவல் செய்கிறது. நம் சோற்றுப் பானையில் இரவெல்லாம் நடப்பதும் அவ்வகைப் புளிப்பே. அவர்கள் அதைத் தாண்டி மதுவுக்குப் போகிறார்கள். நாம் அந்தப் படியிலேயே நின்று, காலையில் பருகிவிட்டுக் காட்டுக்கும் ஆலைக்கும் போகிறோம். நின்ற இடம் தாழ்ந்த இடம் என்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மாச்சி சோறு ஊறவைத்ததை அருகிருந்து பார்த்தவன் நான். இரவு மிஞ்சிய சோற்றை உடனே பானையில் இடமாட்டார். சுளகு அகலத் தட்டில் பரப்பி வைப்பார். ஏன் என்று கேட்டால், "எய்யா, சூட்டோட தண்ணி ஊத்துனா சோறு கொழஞ்சு நாறிப்போகும்யா, ஆறட்டும்" என்பார். பெரும்பாணாற்றுப்படையின் பிழாவும், ஜப்பானியரின் ஆறவைத்த அரிசியும் அந்தத் தட்டில் இருந்தன என்பதை அறிய எனக்கு நாற்பது ஆண்டு வேண்டியிருந்தது. ஆறிய சோற்றின் மேல் நான்கு விரற்கடை நிற்கும்படி நீர் ஊற்றி, மண்பானையை மூடாமல் துணி கட்டி வைப்பார். விடியற்காலையில் துணியை அவிழ்த்ததும் கையை விடமாட்டார். முதலில் பானை விளிம்பில் மூக்கை வைப்பார். மோரின் மணமும் ஈர வைக்கோலின் மணமும் கலந்திருந்தால் சரி. புளித்த மாவின் நெடி ஏறியிருந்தால் சிறுவர்க்குக் கொடாமல் மாட்டுத் தொட்டிக்குப் போகும். பிறகு தெளிந்த நீரை மட்டும் அகப்பையால் மொண்டு என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, உப்பில்லாமல் குடிக்கச் சொல்வார். அதன் பிறகுதான் உப்பு. அந்த ஒரு சிட்டிகை விழுந்தவுடன் நீருக்குள் ஒளிந்திருந்த இனிப்பு வெளியே வரும். அதை நான் சொற்களில் எப்படிச் சொல்வது?

இந்த வட்டாரத்தில் சோற்றுக்குத் துணையானதை வெஞ்சனம் என்கிறோம். வியஞ்ஜனம் என்ற வடசொல்லே அவ்வாறு நம் நாக்கில் கனிந்தது. பழையதற்கு வெஞ்சனம் என்பதைவிடத் தொட்டுக்கொள்ள, கடித்துக்கொள்ள என்று சொல்வதே வழக்கு. இந்த இரண்டு சொற்களிலும் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. தொட்டுக்கொள்வது துவையல், சுண்டவைத்த முந்தின நாள் குழம்பு, ஊறுகாய்; இவை நாக்கில் படிந்து புளிப்பைக் கனமாக்கும். கடித்துக்கொள்வது சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சீனியவரை வற்றல், தணலில் சுட்ட கருவாடு. இவை பல்லுக்கு வேலை கொடுத்து, குழைந்த சோற்றுக்கு எதிராக நொறுங்கி, வாயைக் கழுவிவிட்டு அடுத்த கவளத்துக்குத் தயாராக்கும். சித்திரையில் இந்த ஊர்ச் சப்பட்டை மாங்காய் வந்துவிட்டால், அதைத் தோலோடு கீறி உப்பும் மிளகாயும் பூசி வைத்ததற்கு முன் வேறு எதுவும் நில்லாது. ஆனால் அதற்கு நீராகாரம் புளிப்பேறாத இளம்பதத்தில் இருக்கவேண்டும். புளிப்பு முற்றிய நாளில் மாங்காயை விலக்கிக் கருவாட்டை எடுப்பார்கள். புளிப்பு இளமையாயின் புளிப்பான துணை, முற்றினால் உப்பும் ஆழமும் கொண்ட துணை. எந்தச் சாக்கே நிபுணரும் இதைவிடத் திருத்தமாகச் சொல்லிவிடமாட்டார். தூக்குச்சட்டியில் பழையதும், அதன் மூடியில் இரண்டு வெங்காயமும் வைத்துக்கொண்டு விடியற்காலை நூற்பாலைக்கு நடந்த பெண்களுக்கு இந்த விதி தெரிந்திருந்தது.

பசியும் ஒரு துணை என்பதை ஆண்டாள் அறிந்திருந்தாள். திருப்பாவையின் தொடக்கத்தில் நெய்யையும் பாலையும் விலக்கி நோன்பு தொடங்கிய பெண்கள், இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் முழங்கை வரை வழியப் பாற்சோறு உண்கிறார்கள். அத்தனை நாள் விலக்கியதனால்தான் அன்று அந்த நெய்க்கு அவ்வளவு ருசி. கூடாரவல்லியன்று நாம் அக்காரவடிசிலை வாங்கி உண்டுவிட்டு வந்துவிடுகிறோம்; அதற்கு முன் இருந்த இருபத்தாறு நாட்களை மறந்துவிடுகிறோம்.

அன்பர்களே, ஜப்பானியர்க்கு இருந்து நமக்கு இல்லாதது நாக்கு அன்று, ஏடு. தலைமை வடிப்போனை அவர்கள் தோஜி என்பார்கள். அவன் கையறிவெல்லாம் ஒரு காலத்தில் நம் அம்மாச்சிமாரின் கையறிவு போலவே எழுதப்படாததாகத்தான் இருந்தது. அவர்கள் எழுதிக்கொண்டார்கள். யமதா நிஷிக்கி என்னும் சாக்கே அரிசிக்கு 1936-இல் பெயரிட்டுப் பதிந்து, இன்றுவரை அதன் வித்தைக் காத்துவருகிறார்கள். நம் வத்திராயிருப்புப் பக்கத்து வயல்களில் எந்த நெல்லின் சோறு இரவில் நன்றாக ஊறும், எது காலையில் பிசுபிசுக்கும் என்று சொல்லக்கூடிய மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் வீட்டு மூத்த பெண்மணியிடம் கேட்டு, எந்த அரிசி, எந்தக் கிணற்று நீர், மண்பானையா கல்சட்டியா, எத்தனை நாழிகை ஊறல், எந்த மாதத்தில் எதைத் தொட்டுக்கொள்வது, எதைக் கடித்துக்கொள்வது என்று அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிவையுங்கள். அடுத்த மாதம் இதே மண்டபத்தில் அந்தத் தாள்களையெல்லாம் வாசித்து, ஒன்றாகத் தைத்து, நூல்நிலையத்தில் சேர்ப்போம். என் அம்மாச்சி வீட்டுத் தாளை நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். முதலில் அதை அவைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு அமர்கிறேன்.